அப்பாவை இறக்கிக்கொண்டு போனது

இடது கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை. பாதம் வீங்கியிருந்தது. ஓதீல் மண்டியிட்டு, அப்பாவின் குதிகாலை மடியில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள்.

"செத்தவருக்கு எதுக்குடி பூட்ஸு?" என்றாள் ஸெலி அத்தை.

"உக்காந்து தூங்குற மாதிரி இருக்கணும் அத்தை. வெறுங்காலோட யாரு ஊரை விட்டுப் போவா?"

உச்சிப்பொழுதுக்குள் வெர்மோன் என்ற அந்தப் பிரெஞ்சு மலையூரில் ஒரு ஈ காக்கை இருக்கக்கூடாது என்று, ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் படை தண்டோரா போட்டிருந்தது. பின்வாங்குகிறார்கள். போகும்போது தகர்க்க, உச்சியிலிருந்த கோட்டைக் கோபுரத்துக்கு அடியில் வெடிமருந்து இறக்கியாகிவிட்டது. நடக்க முடியாதவர்களை வண்டியில் கொண்டுபோகலாம். பிணங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று உத்தரவு.

அப்பா அன்செல்ம் அதைக் கேட்டுச் சிரித்திருந்தார். "இங்கிலீஷ்காரன் வந்தான், பர்கண்டிக்காரன் வந்தான், ஸ்பெயின்காரன் வந்தான். எல்லாரும் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டுப் போயிட்டான். நான் இறங்க மாட்டேன், போ." விடியும்போது ஜன்னலோர நாற்காலியிலேயே உயிர் போயிருந்தது. சாவுக்கு அடிக்க மணியும் இல்லை. கோயில் மணிகளைப் போன கோடையிலேயே ஜெர்மன்காரர்கள் பீரங்கிக்காக உருக்கக் கொண்டுபோய்விட்டார்கள்.

"இறங்க மாட்டேன்னவரை இறக்குறியே..."

"விட்டுட்டுப் போனா வீட்டோட சேர்த்து வெடி வச்சுத் தூக்கிடுவான். பிடிங்க அத்தை."

அத்தை பிடித்தாள். அண்ணனின் தொப்பியை அவளே நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டாள்.

கைவண்டி கல் பாவிய தெருவில் குலுங்கியபோதெல்லாம் அப்பாவின் தலை ஆடியது. அத்தை பக்கவாட்டில் நடந்தபடி, "என்ன தூக்கம், ஊரே காலியாகுது, இவருக்கு என்ன தூக்கம்" என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டத் திட்டக் குரல் உடைந்தது.

கோட்டை வாசலில் காவலுக்கு நின்ற ஜெர்மன் சிப்பாய் நடுவயது ஆள்.

"கிழவர்... தூக்கம்?"

"காய்ச்சல்" என்றாள் ஓதீல்.

அவன் குனிந்து கன்னத்தைத் தொட்டான். கை அங்கேயே நின்றது. ஓதீல் வண்டிப் பிடியை இறுக்கினாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

அவன் கையை எடுத்து, போர்வையை அப்பாவின் மோவாய் வரை இழுத்துவிட்டான்.

"போ. சீக்கிரம். கீழ... ரொம்பக் குளிர்."

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி அவர்களை இழுத்தது. பெண்கள் இருவரும் பின்னுக்குச் சாய்ந்து பிடித்தபடி இறங்கினார்கள். அடிவாரத்துப் பீட்ரூட் வயலை எட்டியபோது தரை அதிர்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. சனங்கள் எல்லாரும் திரும்பினார்கள். மலைமேல் ஒரு வெள்ளைப் புகைமூட்டம் எழுந்து, மெல்லச் சாய்ந்து, காற்றோடு வயலுக்கு வந்தது. அது விலகியபோது உச்சியில் கோபுரம் இல்லை.

"இயேசுவே" என்று அத்தை வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓதீல் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாவு போல் கல்தூசி அப்பாவின் மீசையிலும் இமைகளிலும் படிந்துகொண்டிருந்தது. பாவாடை நுனியால் துடைத்தாள். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தாள்.