சிவப்புக் கையுறைப் பிரசங்கம்

எங்கள் சபை உபதேசியார் தாவீதுராஜைப் போல அழவைக்கத் தெரிந்தவர் திருச்சுழி வட்டாரத்திலேயே கிடையாது. அவர் சிவப்புக் கையுறைப் பிரசங்கத்தை எடுத்தால் ஆண்கள் பக்கத்திலும் துண்டு ஈரமாகும்.

கதை இதுதான். சின்ன வயதில், குற்றாலத்துக்கு அருகே அவருடைய சொந்த ஊரில், தம்பி சாமுவேல் குளத்தில் தவறி விழுகிறான். இவர் கரையில் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்துவிடுகிறார். அம்மா பின்னிக் கொடுத்த சிவப்புக் கம்பளிக் கையுறை மட்டும் கழன்று இவர் கையோடு வருகிறது, தம்பி போய்விடுகிறான். "நம்ம பிடி நழுவினாலும் ஆண்டவரு பிடி நழுவாது" என்று முடித்து, ஜிப்பாப் பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பார்.

குற்றாலத்துப் பக்கம் எந்தப் பிள்ளை கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு திரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாரல் குளிருக்கு மாட்டியிருப்பான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. தண்ணீர் உள்ள ஊரில் என்னென்ன நடக்கும் என்று எங்களுக்கு என்ன தெரியும்!

மற்றவர்கள் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டார்கள். ஜெயக்கொடி அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். பம்புசெட் கிணற்றில் விழுந்த அவள் மகன் சுஜினின் கை, படியில் நின்று அவள் பிடித்த பிடியிலிருந்து வழுக்கிப் போயிருந்தது. உபதேசியாருக்கும் இப்படித்தான் ஆயிற்று என்ற ஒன்றுதான் அவளைச் சோறு தின்ன வைத்தது. வருஷாவருஷம் மகனின் நினைவு நாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை போடும்போது சாமுவேல் பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்வாள்.

பிரசங்கம் திருடினால் எங்கள் பக்கம் சும்மா விடமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துச் சபை உபதேசியார் ஜோயல் கையுறைப் பிரசங்கத்தை அப்படியே காப்பியடித்துவிட்டார் என்று தாவீதுராஜே புகார் கொடுத்தார். வட்டாரச் சபைகளின் கமிட்டி கூடி, மூன்று மாதம் ஜோயல் பிரசங்கபீடம் ஏறக்கூடாது என்று நிறுத்தியது. "அடுத்தவன் துக்கத்தத் திருடுறவன் மனுசனா?" என்று தாவீதுராஜ் கேட்ட கேள்வியில் கமிட்டியே ஆடிப்போனது.

எண்பத்தெட்டில் ஸ்காட்லாந்திலிருந்து கிரகாம் என்ற வயதான வெள்ளைக்காரப் போதகர் பழைய மிஷன் சபைகளைப் பார்க்க வந்தார். தாவீதுராஜ் உபதேசியாரிலிருந்து போதகராக உயர்த்தும் குருப்பட்டத்துக்காகக் காத்திருந்த நேரம். வந்தவர் பேராயரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். விருந்தாளிக்கு இருப்பதிலேயே நல்லதை வைப்பதுதானே நம் வழக்கம்? கையுறைப் பிரசங்கத்தையே எடுத்து வைத்தார்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் கிரகாமின் காதருகே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். கையுறை கழன்ற இடத்தில் கிரகாம் அவரை நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டார். வெள்ளைக்காரரையே அழவைத்துவிட்டாரே என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கிரகாம் எழுந்து பேசினார். வாத்தியார் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். செத்துப்போனது கிரகாமின் தம்பி. அது குளம் இல்லை, குளிரில் உறைந்த ஏரி; மேலே இருந்த பனிக்கட்டி உடைந்துவிட்டது. கையுறை பின்னியது கிரகாமின் அம்மா. இதையெல்லாம் அவர் முப்பது வருஷத்துக்கு முன்பே புத்தகமாகப் போட்டிருக்கிறார். "அவுக நாட்டுல இப்படிச் செஞ்சா மறுநாளே பிரசங்கபீடத்த விட்டு எறக்கிருவாகளாம்" என்றார் வாத்தியார்.

தாவீதுராஜ் மறுக்கவில்லை. "மதுரையில பழைய புத்தகக் கடையில வாங்குனது. அட்டையே இல்ல. எழுதுனது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார், அட்டையைக் கிழித்தவன்தான் குற்றவாளி என்பதுபோல.

சபை மூப்பர் ஆசீர்வாதம் எழுந்தார். ஜோயலை நிறுத்திய கமிட்டிக்கு இவர்தான் தலைவர். "நல்லதச் சொல்றதுல ஒன்னுது என்னுது உண்டா? எல்லாம் ஆண்டவரு குடுத்தது. அவுக புத்தகம் அவுககிட்டயேதான் இருக்கு. ஒரு எழுத்துக் கொறைஞ்சிருச்சா?"

"அப்ப ஜோயலு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அது வேற. அவரு எடுத்தது நம்ம உபதேசியாருகிட்ட. இது கடல் தாண்டி வந்ததுல்ல!"

கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் புறம்போக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயக்கொடி எழுந்து வந்து தாவீதுராஜின் முன்னால் நின்றாள்.

"அப்ப ஒங்க தம்பி?"

"எனக்குத் தம்பியே கெடையாதும்மா. அக்காமாருதான்."

"ஒங்க பிடியில இருந்து யாரும் போகலையா?"

அவர் கை ஜிப்பாப் பைக்குள் கைக்குட்டையைத் தேடியது.

"நீங்களும் நானும் ஒண்ணுன்னுல இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன். நா மட்டுந்தானா?"

கிரகாமின் புத்தகத்தில் ஒரு எழுத்தும் குறையவில்லை, சரிதான். இவளுக்கு என்ன குறைந்தது என்று பார்க்கக் கமிட்டியில் ஆள் இல்லை.

அவள் கிரகாம் பக்கம் திரும்பி, "அய்யா, ஒங்க தம்பி பேரு என்ன?" என்றாள். வாத்தியார் கேட்டுச் சொன்னார்: "ஆண்ட்ரூ." கிரகாம் தன் வலது கையை விரித்து அவளிடம் காட்டினார். அவளும் தன் கையை விரித்துக் காட்டினாள். வாத்தியாருக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

தாவீதுராஜ் மேல் நடவடிக்கை ஏதும் இல்லை. கிரகாமும் யாரிடமும் புகார் சொல்லவில்லை. அந்த வருஷமே தாவீதுராஜுக்குக் குருப்பட்டம் கிடைத்து, எங்கள் சபைக்கே போதகராக, எங்கள் வாயில் ஐயராக, வந்துவிட்டார். மாலை போட்டு, மேளம் வைத்து அழைத்து வந்தோம்.

அடுத்து சுஜினின் நினைவு நாள் வந்தது. ஜெயக்கொடி காணிக்கைக் கவரைப் புது ஐயரின் கையில் நேராகக் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கவரில் எழுதியிருப்பதை ஒரு வார்த்தை விடாமல் வாசிப்பது எங்கள் சபை வழக்கம். ஐயர் கவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். சபை காத்திருந்தது. வேறு வழியில்லாமல் வாசித்தார்:

"மகன் சுஜின் நினைவாகவும், கிரகாம் அய்யாவின் தம்பி ஆண்ட்ரூ நினைவாகவும், தாவீதுராஜ் ஐயரின் பிறக்காத தம்பி சாமுவேல் நினைவாகவும், ஜெயக்கொடி படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை."

ஜெயக்கொடி மட்டும் ஆமென் என்றாள்.