வேம்புலியம்மாளுக்கு ஒரு வசனம்

1

"வலி எங்கம்மா இருக்கு?"

"அடிவயித்துல டாக்டர். நின்னுகினே வேலையா, சாயங்காலம் ஆனா ஜாஸ்தி."

"எத்தனை நாளா?"

"மூணு வருசமா கீது. மாத்திரை போட்டா அடங்கிடும். இல்லம்மே?"

முகப்பேரில் ஓர் ஆஸ்பத்திரி. என் தைராய்டு மாத்திரையை மாற்றி எழுதி வாங்கக் காத்திருந்தபோது, சரியாகச் சாத்தாத கதவு வழியே இது காதில் விழுந்தது. கேட்டவர் டாக்டர். பதில் சொன்னவர் புருஷன். அடிவயிறு மட்டும் மனைவியுடையது. [அவள் தலையை ஆட்டினாளா, தெரியாது. கதவிடுக்கு அவ்வளவு பெரிதில்லை.]

இந்தக் கதைக்கு மூலதனம் அந்த நாலு வரிதான்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அயனம்பாக்கம் ஏரியில் மாலை வெயில் பொன்னாக உருகி —"

வேண்டாம். வலியோடு, நானாகச் சேர்த்த ரத்தப்போக்கிலும் தவிக்கிறவளை ஏரிக்கரையில் நிறுத்தி நான் என்ன செய்ய? அவளுக்கு முதலில் உட்கார இடம் வேண்டும்.

ஆகவே, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி. தைத்த சட்டைகளில் பிசிறு பார்க்கும் வேலை, நாள் முழுக்க நின்றபடி. நாற்பத்து நாலு வயது. மாதத்தில் பாதி நாள் கறை தெரியாத அடர்நிறப் புடவைதான். வேம்புலியம்மாள் என்று பெயர் வைத்தேன். என் வழக்கமான நாயகிகள் இவளிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள்.

அவள் புருஷன் பரந்தாமனை எழுதுவது எனக்குச் சுலபம். பாசமான புருஷன்களை எழுதித்தானே எனக்கு வாசகிகள் கிடைத்தார்கள்! திருமழிசையில் லேத் பட்டறை. வேலை முடிந்து வந்ததும் அவள் துணிகளை, கறையோடு இருந்தால்கூட, தானே துவைப்பார். முருங்கைக்கீரையைத் தானே ஆய்வார். ஆனால் ஆபரேஷன் என்ற வார்த்தையை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

(ஏன்? அவருடைய அக்கா தாயம்மாள் இதே கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு உள்ளே போய்த் திரும்பவில்லை. இது நானாக வைத்த காரணம். அவரைக் கெட்டவராக்க மனசு வரவில்லை. எழுதிய பிறகோ, வேறு எந்தக் காரணமும் அவருக்குப் பொருந்தவில்லை.)

3

ரிப்போர்ட் வரும் காட்சி.

டாக்டர் கார்த்திகா தாளைப் புரட்டினார். "பயப்பட ஒண்ணுமில்ல. கேன்சர் கிடையாது. சாதாரணக் கட்டிதான்."

பரந்தாமன் நாற்காலியில் சரிந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்பாடா! நான் சொல்லல வேம்பு? வா, ஊட்டுக்குப் போலாம். மாத்திரையே போதும்."

"இருங்க சார். மாத்திரையிலயும் ஓட்டலாம். ஆனா ரத்தப்போக்கு நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது. கர்ப்பப்பையை எடுத்துட்டா நின்னுடும். ஆபரேஷன்னா அதுக்குன்னு சில ஆபத்தும் உண்டு. எது வேணும்னு அவங்க சொல்லட்டும்."

"மாத்திரைதான் டாக்டர்."

"நான் அவங்களைக் கேட்டேன்."

"அவளும் அதத்தான் சொல்லுவா."

இங்கே நிறுத்தி, ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்த்தேன். திரும்பின பக்கமெல்லாம் பரந்தாமன் பேசுகிறார். வேம்புலிக்கு ஒரு வசனம்கூட இல்லை. இந்தக் கோப்புக்குத்தான் காதல் கதை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

4

முடிவு ஒன்று: டாக்டர் பரந்தாமனைக் காய்ச்சி எடுக்கிறார். அவர் திருந்துகிறார். [அடித்துவிட்டேன். புருஷனுக்குப் பதிலாக டாக்டர் அவளுக்காகப் பேசுகிறார், அவ்வளவுதான்.]

முடிவு இரண்டு: பரந்தாமனே மனம் மாறி, "எடுத்துடுங்க டாக்டர்" என்கிறார். வாசகிகள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம். [இதையும் அடித்தேன். கொஞ்சம் வருத்தத்தோடு.]

முடிவு மூன்று: வேம்புலியின் கண்கள் ஆயிரம் கதை சொல் — [கண்ணால் சொன்னால் கேஸ் ஷீட்டில் என்னவென்று எழுதுவார்கள்?]

5

ஆகவே, அந்த அறைக்கே திரும்பினேன். ரிப்போர்ட் நல்லபடியாக வந்த நிம்மதியில் பரந்தாமன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூன்று வருஷமாக அவள் வாய் திறக்காததற்குக் காரணம் அவளுடைய பயமல்ல. பேச்சை எடுத்தாலே அந்தக் கை நடுங்கும். அதைப் பார்க்க அவளால் முடியாது.

இன்றைக்கு அது நடுங்கவில்லை.

ஆபரேஷன் எப்படி நடந்தது, எப்போது வேலைக்குத் திரும்பினாள், இதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள். எனக்கு அவள் பேசினால் போதும்.

"மாமா, நீ கொஞ்சம் சும்மா இரு. நான் சொல்றேன்."

பரந்தாமன் வாயை மூடிக்கொண்டார். [நாசூக்கான வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.]

"எடுத்துடுங்க டாக்டர். மூணு வருசமா கேக்கணும்னேதான் கீறேன். அன்னிக்கு இவரு கூட மட்டும் யாரையாச்சும் உக்கார வெய்ங்க. பயந்துக்குவாரு."