இரண்டணா போதிமரம்

“இழுக்கக் கூடாது. அரை மணியில தானா கழண்டு வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே இசக்கிமுத்து பழைய கடித உறைகளிலிருந்து வெட்டியெடுத்த ஸ்டாம்புகளை ஒவ்வொன்றாக வெந்நீர்த் தட்டில் மிதக்கவிட்டார். சுரங்கத்தில் முதல் ஷிப்டு முடிந்து வந்த சனிக்கிழமை மதியம். லெக்கோ நிலக்கரி அடுப்பில் கனல் அடங்குவதற்குள் வெந்நீர் வாங்கிவிடுவார்.

“சாப்பிடுற தட்டுதான் கெடைச்சுதா?” என்றாள் கமலா.

“எல்லாம் பெரிய பெரிய ஆளுக. கவி, துறவி. ஒரு வேளை நம்ம தட்டுல இருந்துட்டுப் போகட்டும்.”

கண்ணாடியைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுப்பச் சொன்னார்.

பாத்திரம் கழுவி முடித்து வந்து கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். தோளைத் தொட்டபோது தலை எந்தப் பிடிமானமும் இல்லாமல் சுவர்ப்பக்கம் சாய்ந்தது. பக்கத்து வீட்டு அமிர்தத்தைக் கூப்பிட ஓடுகையில் மேசையைக் கடந்தாள். தட்டில் காகிதத் துண்டுகள் அடியில் இறங்கியிருந்தன. ஸ்டாம்புகள் எல்லாம் கழன்று, முகம் மேலே தெரிய, அசையாமல் மிதந்தன.

அமிர்தம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரி. வந்தவள் முதலில் குடங்களைக் கவிழ்த்தாள். “சாவு வூட்ல தண்ணி வச்சிக்கினு இருக்கக் கூடாதுக்கா” என்று அந்தத் தட்டையும் எடுத்துப்போய்ப் பின்வாசலில் ஊற்றினாள். மறுநாள் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிய பிறகு கமலா குளிக்கப் போனாள். சாக்கடை ஓரத்துச் சிமெண்டில் முகங்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன. அவள் அவற்றைச் சுரண்டவில்லை. அடுத்த நாளும் அவை அங்கேயே இருந்தன.

சுதந்திரம் வந்ததிலிருந்து அணா போகும்வரை வெளியான நினைவு ஸ்டாம்புகளைத்தான் இசக்கிமுத்து சேர்த்தார். வெறும் ஸ்டாம்பு போதாது; தட்டில் கழற்றுபவை மற்றவர்களோடு மாற்றிக்கொள்ள மட்டும். வெளியான அன்றே உறையில் ஒட்டி, அன்றைய தேதியிலேயே முத்திரை விழுந்திருக்க வேண்டும். அந்த உறைகளுக்குள் கடிதம் இருக்காது. யார் யார் பெயருக்கோ வந்த காலி உறைகள் அலமாரியில் அடுக்கியிருப்பது கமலாவுக்கு எப்போதுமே பிடிக்காது. அவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்களோ என்று தோன்றும்.

ஆல்பத்தில் ஒரு பக்கம் மட்டும் காலி. ஐம்பத்தாறாம் வருஷத்துப் புத்த ஜயந்தி உறைக்காக நான்கு காகித மூலைகளை ஒட்டி வைத்திருந்தார். நாக்பூரில் ஒரு பெரியவரிடம் அது இருந்தது. ஆறு வருஷம் கெஞ்சிய பிறகு போன மாதம்தான் தருவதாக எழுதினார். இசக்கிமுத்து உடனே பெரிய உறை ஒன்றில் தன் விலாசத்தைத் தானே எழுதி, ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டி, பதிலுக்கென்று அனுப்பி வைத்தார்.

“தண்ணி இருக்கு, பிரஷ் இருக்கு. நாக்குதான் வேணுமா?”

“கவர்மென்ட் கோந்து. உன் ரசத்துக்கு இது தேவலாம்.”

காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு தபால்காரர் வேணு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். எப்போதும் தெருமுனையிலேயே “சார், காலி கவர் வந்துருக்கு” என்று கேலியாகக் கத்துகிறவர், மணியைக்கூட அடிக்கவில்லை. கமலா எழுந்து வெளியே போனாள்.

“நேத்தே வந்துடுச்சுங்கம்மா. சார் எழுத்தாட்டம் இருந்துச்சு. எப்படிக் குடுக்கறதுன்னு பையிலயே வச்சிக்கினு சுத்தினேன்.”

எழுத்தாட்டம் இல்லை. அவர் எழுத்தேதான். வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் அவர் பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர். யாரோ வெளியூர் போய் வீட்டுக்குத் தகவல் அனுப்பியதுபோல் இருந்தது. அவள் ஸ்டாம்பின் மேலிருந்த முத்திரையைப் பார்த்தாள். நாக்பூர். 9 செப்டம்பர் 1978. அந்தச் சனிக்கிழமை.

காரியத்துக்காக இராப் பஸ்ஸில் வந்திருந்த கணவரின் அண்ணன் மாடசாமி படியிறங்கி வந்தார். உறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏம்மா, அத உள்ள கொண்டு போயிராத.”

“அவுக கேட்டிருந்தது, அத்தான்.”

“யார் கேட்டா என்ன. அடுத்த வீட்டுச் சாவுக் கடுதாசியையே வாசல்ல படிச்ச கையோட கிழிச்சிருதோம்லா. இது செத்தவனே எழுதுன விலாசம். இப்படி உள்ள வந்தா அவன் எப்படிப் போவான்? இங்கயே கிழி.”

வேணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைன்ஸ் சங்கு ஊதியது.

கமலா கொண்டையூசியை உருவி, அவர் செய்வதுபோலவே, எழுத்தில் படாமல் உறையின் ஓரத்தைப் பிரித்தாள். உள்ளே மெழுகுத்தாளுக்குள் இன்னொரு உறை இருந்தது. இரண்டணா ஸ்டாம்பில் போதிமரம். முத்திரை 24 மே 1956. ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. அவர் பார்த்திருந்தால் அன்று ஷிப்டுக்குப் போயிருக்க மாட்டார்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெழுகுத்தாளோடு மாடசாமியிடம் நீட்டினாள்.

“நீங்களே கிழிச்சிருங்க, அத்தான்.”

“மரம் போட்டிருக்கு” என்றார் அவர். இரண்டாகக் கிழித்தார். துண்டுகளைச் சேர்த்து வைத்து மறுபடியும் கிழித்தார். “அந்தக் கூடு?” என்று அவள் கையிலிருந்த வெளி உறையைக் காட்டினார்.

“அது காலி.”

மாடசாமி தம்பியின் எழுத்தை இன்னொரு முறை பார்த்தார். துண்டுகளை வேலிக்கு வெளியே போட்டுவிட்டு, கை கழுவப் போனார். வேணு சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

உள்ளே கமலா ஆல்பத்தின் காலிப் பக்கத்தைத் திறந்தாள். அந்த நான்கு மூலைகளுக்குள் அவர் விலாசம் எழுதிய உறை அடங்கவில்லை. அவற்றின் மேலேயே வைத்தாள். வைக்குமுன் புடவையில் விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஸ்டாம்பின் நான்கு ஓரங்களையும் தடவிப் பார்த்தாள்.

ஓரத்துப் பல் ஒன்றுகூடத் தூக்கியிருக்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.