கெவனி மாஸ்டர் தந்த கையெழுத்து

அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்தான். நாற்பது வருடமாக என் வயிற்றுக்குள் கிடந்தது, அன்று பூசை முடிந்த கையோடு மாதா கோயில் மண்டபச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்கியது.

எங்கள் வட்டாரத்துப் பெருமக்கள் மூன்று பேருக்கு அங்கே விழா. பார்வையற்ற குழல்காரர் கார்மக், பள்ளிக்கூடத்துக் கெவனி மாஸ்டர், ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டுக்கொன்ற விடுதலைப்படைக் கேப்டன் ஃபெலிம். கேப்டன் படத்துக்குக் கீழேதான் அந்தக் கடிதம். டப்ளினிலிருந்து வந்த படித்த பெண் ஆங்கிலேயர் விட்டுப்போன ஏதோ பழைய பெட்டியைக் கிளறி எடுத்து, பெரிதாக்கி மாட்டியிருந்தாள். 'ஃபெலிம் வியாழக்கிழமை லாவின் குடும்பத்தார் கொட்டகையில் தூங்குவான்.' எழுதியவர் பெயர் இல்லை. அப்போது என் அண்ணன் ஆங்கிலேயர் சிறையில் இருந்தான். எழுதிக் கொடுத்தால் விடுவோம் என்றார்கள். விட்டார்கள்.

காட்டிக்கொடுத்த வீட்டை எங்கள் ஊர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். புல் அறுப்புக்கு ஒரு ஆள் வராது. சவப்பெட்டி தூக்க நாலு தோள் கிடைக்காது.

பாழாய்ப்போன மாஸ்டர் பிரம்பால் விளாசி ஊருக்கே ஒரே கையெழுத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி முன்னால் வந்தவர்கள் எல்லாரும் தங்கள் எழுத்தையே பார்த்து விழித்தார்கள். எனக்கு மட்டும் ஃபெலிம் என்ற பெயரின் முதல் எழுத்தில் ஒரு வால் விழும். எத்தனை அடி வாங்கியும் போகவில்லை.

"இது உன் எழுத்தாட்டம் இருக்கே" என்றார் கசாப்புக்கடை ஃபின்டன், என் கணவர் மலாக்கியைப் பார்த்து.

"உன் கடைப் பலகையப் போய்ப் பாரு முதல்ல" என்றார் மலாக்கி. ஒருவரும் சிரிக்கவில்லை.

"வந்தவங்க எல்லாரும் இந்த நோட்டுல பேர் எழுதிட்டுப் போங்க" என்றாள் டப்ளின் பெண்.

ஃபின்டன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல அச்செழுத்தில் எழுதினார். அவர் மனைவியும் அப்படியே. மலாக்கி மணிக்கட்டு சுளுக்கு என்று நழுவிவிட்டார். ஒரு பாவமும் அறியாத ஜனங்கள், என்னால் நடுங்கினார்கள்.

அப்புறம் ஹனோரா அக்கா வந்தாள், கேப்டனின் மனைவி. அவர் உடலைக் கொண்டுவந்த அன்று நடுங்கத் தொடங்கிய கை அவளுடையது. பாஸ்டனில் இருக்கும் மகனுக்கு அவள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது நான்தான்.

"எனக்கும் சேத்து நீயே எழுதிடு டிம்ப்னா."

"அச்செழுத்துல எழுதட்டுமாக்கா?"

"எதுக்கு? பையனுக்கு எழுதுற மாதிரியே எழுது. ஃபெலிம் பொண்டாட்டின்னும் போடு."

எவ்வளவு அடக்கியும் வால் விழுந்தது. அவள் நோட்டைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"நாளைக்கு வீட்டுக்கு வா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "பையனுக்குக் கடிதாசு போடணும். அவங்கப்பனக் காட்டிக்கொடுத்தது யாருன்னு சொல்றேன். ஒரு வார்த்தை விடாம எழுதணும்."

"சரிக்கா" என்றேன்.