இத்தாலிய அருட்சகோதரிகளின் மீள்தரிசனம்

இத்தாலிக்குப் போக யாரும் கூப்பிடுவதற்கு முன்பே நல்லரத்தினம் காத்தான்குடிக்குப் போய், உசனாரின் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினார். அன்றைக்கு மட்டக்களப்பு வாவித் தண்ணீரே குளிக்க வெந்நீர் போலக் கிடந்தது.

"நுவரெலியாக் குளிருக்கா சேர்?" என்றார் உசனார்.

"இத்தாலிக்கு."

"எப்ப பயணம்?"

"இன்னும் சொல்லல்ல. சொல்லுவாங்க."

"சொன்ன பொறகு வாங்கினாப் போதாதா? ஸ்வெட்டர் குடுத்தா திருப்பி எடுக்கிறல்ல நாங்க."

"திருப்பித் தாற யோசின இல்ல," என்றார் நல்லரத்தினம்.

ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளரான அவர், வாவித் திரைச்சுவைஞர் பேரவையின் தலைவர். பேரவை அவருக்குத் 'திரைச்சுடர்' என்ற பட்டமும் வழங்கியிருந்தது. வழங்கியவரும் பெற்றவரும் ஒரே ஆள் என்பதால் விழா சுருக்கமாக முடிந்தது. இப்போது இத்தாலியில் பழைய படச்சுருள்களைக் காக்கும் ஒரு நூதனசாலை, சினிமாவில் பேரெடுத்த இரண்டு பெண்களுக்கு விழா எடுக்கிறது. அவர்களின் படங்கள் நாடு நாடாகப் போகின்றன. படம் காட்டும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவரை அந்தப் பெண்களே தெரிவுசெய்து, நிறைவு விழாவுக்கு இத்தாலிக்கு அழைப்பார்கள். மட்டக்களப்பில் அந்த ஒருவர் யார் என்பதில் நல்லரத்தினத்துக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சந்தையிலும் சலூனிலும் மற்றவர்களுக்கும் சந்தேகம் வராதபடி பார்த்துக்கொண்டார்.

கொழும்பிலிருந்து இதையெல்லாம் ஒழுங்கு செய்த ஷஸ்னா, தொலைபேசியில் "இட்டாலியன் சிஸ்டர்ஸ், ரெண்டு பேரும் சினிமாவில வேல செய்றாங்க" என்றுதான் சொன்னாள். மட்டக்களப்பில் சிஸ்டர் என்றால் வெள்ளை உடுப்பும் சிலுவையும். கூடப்பிறந்தவள் என்றால் அக்கா, இல்லாவிட்டால் தங்கச்சி. இரண்டுமில்லாமல் வெறும் சிஸ்டராக ஒருத்தி பிறக்க வழியில்லை. ஆகவே அழைப்பிதழை நல்லரத்தினம் தன் கைப்பட எழுதினார்: 'திரைத்துறையில் அருட்பணியாற்றும் இத்தாலிய அருட்சகோதரிகளின் மீள்தரிசனம்.'

"சிஸ்டர்மார் படமும் எடுக்கிறாங்களா?" என்றாள் மனைவி புஸ்பம்.

"உலகம் எங்கயோ போயிற்று. நீதான் இஞ்சயே நிக்கிறாய்."

சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்பு நூதனசாலை மண்டபம் நிரம்பியது. பேரவையின் முந்தைய விழாக்களில் வாசலில் கிடக்கும் ஒல்லாந்தர் பீரங்கியையும் சேர்த்தால்தான் கூட்டம் என்று சொல்லலாம். இன்றைக்குக் கன்னியர் மடத்து வான் வண்டிகள் வந்து நின்றன. முன்வரிசை முழுக்க வெள்ளை. நடுவில் மடத்துத் தலைவி சிஸ்டர் கன்சிலா.

கொழும்பிலிருந்து வந்த ஷஸ்னா, அழைப்பிதழின் அதே வரி எழுதிய மேடைப் பேனரை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"சேர், இவங்க கன்னியாஸ்திரிகள் இல்ல. ஒரு தாய்க்குப் பிறந்த சிஸ்டர்ஸ். இரட்டைப் பிள்ளைகள். ஒராள் படம் எடுக்கிறவ, மற்றவ அதில நடிக்கிறவ."

நல்லரத்தினம் உத்தியோக காலத்தில் பிழை விட்டதில்லை. விட்ட பிழைகளைச் சுற்றறிக்கையாக மாற்றிவிடுவார்.

"தெரியும் மகள். அது ஒரு உருவகம்."

"என்னத்துக்கு உருவகம்?"

"உரையில வரும்."

உரையில் வரவில்லை. உரை மனப்பாடம் செய்தது, மாற்ற முடியாது. 'அருட்' வரும் இடமெல்லாம் இருமினார். அது அருளுக்குக் குறைவில்லாத உரை. பாதியில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு மேடைக்கு வந்தார். புஸ்பம் கைப்பைக்குள் தைலம் தேடினாள்.

பிறகு படம் ஓடியது. வந்ததும் வராததுமாக ஒரு பெண் குளியல் தொட்டிக்குள் கிடந்து சிகரெட் பிடித்தபடி ஊர்ப் பாதிரியாரைத் திட்டினாள். மண்டபம் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிஸ்டர் கன்சிலாவின் முகத்தைப் பார்த்தது. சிஸ்டர் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் படம் விளங்கியது.

முடிந்ததும் சகோதரிகள் இருவரும் இத்தாலியிலிருந்து நேரலையில் திரைக்கு வந்தார்கள். முதல் கேள்வி தலைவருடையது. பின்நவீனத்துவத்தில் ஏறி, வாவியின் பாடும் மீன்களில் இறங்கி, தன்னுடைய பட்டத்தில் வந்து நின்றார். கேள்விக்குறி எங்கேயும் வரவில்லை. மிலானில் வளர்ந்த ஷஸ்னா அதை இத்தாலிய மொழியில் ஒரு மூச்சில் முடித்தாள். சகோதரிகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

சிஸ்டர் கன்சிலா கையை உயர்த்தினார்.

"மகள், ஒண்டு கேட்டுச் சொல்லுங்க. இவங்க ரெண்டு பேருல ஆரு அக்கா, ஆரு தங்கச்சி? படம் எடுக்கிறவ அக்காவெண்டாச் சரி, மற்றவ சொல்வழி கேப்பா. நடிக்கிறவ அக்காவெண்டா எடுக்கிறவட பாடு கஷ்டம். இது தெரியாம மடத்தில போய் இவங்களப் பத்தி நான் என்னெண்டு கதைக்கிற?"

ஷஸ்னா மொழிபெயர்த்தாள். திரையில் இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு சண்டை. ஷஸ்னா மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டாள்; தேவையும் இருக்கவில்லை, மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் அக்கா தங்கச்சியோடு பிறந்தவர்கள்.

சண்டை ஓய்ந்ததும் ஷஸ்னா சொன்னாள்: "ஆர் முதல்ல பிறந்த எண்டு தாய் இவங்களுக்கு இண்டைக்கு வரைக்கும் சொல்லல்லயாம். கேட்டா, ரெண்டும் ஒண்டாத்தான் வந்த எண்டுவாவாம். ஆனா கன்னியாஸ்திரிக்கு அவ பொய் சொல்லமாட்டாவாம். மட்டக்களப்பிலிருந்து சிஸ்டர்தான் வரவேணுமாம். வந்து அம்மாவிட்ட நேர கேக்கட்டாம்."

மண்டபம் கைதட்டியது. நல்லரத்தினமும் தட்டினார். தலைவர் தட்டாமல் இருக்க முடியாது.

அடுத்த கிழமை சிஸ்டர் கன்சிலா நல்லரத்தினத்தின் வீட்டுக்கு வந்தார்.

"சேர், அங்க சரியான குளிராம். மடத்தில ஒராளிட்டயும் ஸ்வெட்டர் இல்ல. நீங்க ஒண்டு வாங்கினதெண்டு சந்தையில சொன்னாங்க."

புஸ்பம் கணவனிடம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். சிஸ்டர் அதை வெள்ளை உடுப்புக்கு மேலே போட்டு, பொத்தான்களைப் பூட்டி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார்.

"அளவாத்தான் கிடக்கு," என்றாள் புஸ்பம்.

நல்லரத்தினம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"என்னைப் பத்தி அங்க சொல்லத்தான் வேணுமெண்டு இல்ல, சிஸ்டர்," என்றார்.

சிஸ்டர் கடைசிப் பொத்தானைச் சரிசெய்தார்.

"சொல்றதெண்டா மூத்தவவிட்டச் சொல்லுங்க."

"ஆரு மூத்தவ எண்டு முதல்ல தெரியட்டும் சேர்," என்ற சிஸ்டர், ஸ்வெட்டரின் கையிலே தொங்கிய விலைச்சீட்டைப் பிய்த்து அவரிடம் கொடுத்தார்.