காவித் துணியின் ஓரம்

வின்யூவின் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்வதில்லை. கொரியாவிலிருந்து வந்த பாஸ்டர் நாம், முதல் வாரத்திலேயே ஒரு தெரு முழுக்கக் கதவு தட்டி, இயேசு நல்லவர் என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, சந்தோஷத்தில் வேர்த்துப்போய்த் திரும்பினார். அவருக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னவன் வின்யூதான்.

"பாஸ்டர், இங்க ஆமான்னா ஒரே ஆமா கிடையாது. நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுங்கறதுக்கு ஒரு ஆமா இருக்கு. பாவம், வெயில்ல வந்திருக்காரு, இவரு மூஞ்சி வாடக்கூடாதுங்கறதுக்கு ஒரு ஆமா. சரி கிளம்புங்கன்னு இன்னொரு ஆமா. நீங்க இன்னைக்கு மூட்டை கட்டிக்கிட்டு வந்ததெல்லாம் ரெண்டாவது."

"அப்போ நிஜமான ஆமாவை எப்படிக் கண்டுபிடிப்பது, சகோதரரே?"

"அது சொல்லிட்டு உக்காந்திருக்காது. எழுந்து ஏதாவது செய்யும். உங்க கூட நடந்து வரும்."

பாஸ்டர் நாம் அதைத் தன் நண்பர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டினார். தாய்லாந்தில் ஊழியம் செய்ய வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது அதுதான் என்றார். அந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தவனே அதில் தவறிவிடுவான் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

வின்யூ ஒருகாலத்தில் ரயோங் துறைமுகத்தில் லாரி ஓட்டியவன். குடித்துவிட்டுத்தான் ஓட்டுவான். ஒரு விபத்துக்குப் பிறகு மருத்துவமனையில் கிடந்தபோது, தினமும் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்த ஒரு சபையார் அவனைக் குடியிலிருந்து வெளியே இழுத்தார்கள். ஊர் திரும்பியவன், தூண்கள்மேல் உயரமாக நிற்கும் அம்மாவின் வீட்டுக்கு அடியில், மரத்தூண்களுக்கு நடுவே, ஒரு சிறு சபையைத் தொடங்கினான். உட்கார நாற்காலி இல்லை. ஊரில் எந்த விசேஷத்துக்கும் நாற்காலி விகாரையிலிருந்துதான் வரும். கிறிஸ்துமஸுக்கும் அங்கிருந்துதான் வந்தது. பெரிய பிக்கு கணக்குக் கேட்காமல் எடுத்துப்போகச் சொன்னார்.

குளத்தில் முதல் ஞானஸ்நானம் வைத்த அன்று கரை நிறைய ஆட்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். இடுப்பளவு தண்ணீரில் வின்யூ தனியாக நின்றுகொண்டு, மனமிருக்கிறவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டான். யாரும் அசையவில்லை. அப்போதுதான் அவன் அம்மா புவா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் சுற்றிய துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். எழுந்து, நடந்து வந்த ஆமாம். அவன் இலக்கணப்படி அதில் சந்தேகமே இருக்க முடியாது. அதன் பிறகு போன இடமெல்லாம் அதையே சாட்சியாகச் சொன்னான். சொல்லும்போதெல்லாம் அழுதான்.

இப்போது அந்த அம்மாதான் மேல்வீட்டில், சன்னல் ஓரத்துப் பாயில், மஞ்சள் பூத்த கண்களோடு கிடந்தாள்.

ஈரலில் புற்று. இந்தப் பக்கத்தில் அது வீட்டுக்கு வீடு உண்டு. குளத்து மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து, ஒட்டரிசிச் சோற்றோடு சாப்பிடுவார்கள். எலுமிச்சை பட்டால் மீன் வெளுத்துப் பார்வைக்கு வெந்தது மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அது ஈரலுக்குப் போய்ப் பித்தக் குழாயில் குடியேறி, வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று அக்கா லம்துவான் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் வாங்கியதும் அம்மா கரண்டியைத் தள்ளினாள்.

"வின்யூ, நான் போனதும் நீ துணி உடுத்தணும்."

எந்தத் துணி என்று அவன் கேட்கவில்லை. பெற்றவளைத் தீயில் வைப்பதற்கு முன்னால் மகன் தலை மழித்துக் காவி உடுத்த வேண்டும். ஒரு நாளைக்கானாலும் போதும். துறவு போகும் மகனுக்குக் கிடைக்கிற புண்ணியம் பெற்றவளுக்குப் போய்ச் சேரும். அவன் காவியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே ஏறிப் போவாள். பெண்ணுக்கு அந்தத் துணி கிடையாது. அதனால்தான் மகன் பிறந்தால் தாய்க்கு அத்தனை நிம்மதி. புவாவுக்கு ஒரே மகன்.

"அம்மா, நீ ஞானஸ்நானம் எடுத்தவ. உனக்கு அது வேண்டாம்மா. நீ நம்பித்தானே இறங்கின?"

அம்மா அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. அவன் சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நின்றால் பார்க்கும் பார்வை.

"நீ ஒத்தையா நின்னுக்கிட்டிருந்தடா. அத்தனை பேரும் கரையில பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எம்புள்ள கூப்பிட்டு ஒருத்தர்கூட வரலைன்னா உனக்கு எவ்வளவு கேவலம். அதான் வந்தேன். தண்ணி வேற ஜில்லுன்னு இருந்துச்சு."

"அம்மா..."

"இயேசு நல்லவருதான். அவர்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உனக்காக நான் தண்ணிக்குள்ள இறங்கினேன். எனக்காக நீ துணிக்குள்ள இறங்கு. அவ்வளவுதான்."

லம்துவான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "போய் உன் பாஸ்டரைக் கேளு. அவரு கோட்டு ஓரத்தைப் புடிச்சிக்கிட்டு அம்மா போகலாமான்னு கேளு. நல்ல நீளமான கோட்டாத்தான் இருக்கு."

பாஸ்டர் நாம் மறுநாளே வந்தார். கொரியாக் கஞ்சி ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்கு அடியில் அடுப்பை மூட்டி, அதைச் சூடுபண்ணியபடியே வின்யூ சொன்னதை எல்லாம் கேட்டார்.

"துணி யாரையும் காப்பாற்றாது, சகோதரரே. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என் அப்பா இறந்தபோது அவர் படத்துக்கு முன்னால் எல்லாரும் விழுந்து வணங்கினார்கள். நான் குனியவில்லை. அன்று முதல் என் அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் வருத்தப்படவில்லை." அடி பிடிக்கும் கஞ்சி அல்ல அது. இருந்தும் அவர் கிண்டிக்கொண்டே இருந்தார். "நான் வருத்தப்படவில்லை," என்றார் மறுபடியும்.

அம்மா அந்த வாரமே போய்விட்டாள். கடைசி நாளில் பேச்சு இல்லை. கைமட்டும் எட்டுகிற துணியை எல்லாம் பிடித்துப் பிடித்து விட்டது. போர்வை, பாய் ஓரம், லம்துவானின் பாவாடை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வின்யூ, கை அடங்கியதும் எழுந்து விகாரைக்கு நடந்தான்.

பெரிய பிக்கு மாமரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, தலையை மழிச்சுக்கறேன். துணியும் உடுத்திக்கறேன். ஆனா சரணம் மட்டும் சொல்ல மாட்டேன். நான் வேற ஒருத்தரை நம்பறவன்."

"வார்த்தை இல்லாம துணி குடுக்க முடியாதேப்பா. துணியை நானா குடுக்கறேன்? நீ சொல்ற வார்த்தைதான் குடுக்குது. அது இல்லைன்னா அஞ்சு முழம் துணி, அவ்வளவுதான். கடையிலயே கிடைக்கும்."

வின்யூ காலடியில் கிடந்த மாவிலைகளைப் பொறுக்கிக் குவியலில் போட்டான்.

"உன் மனசைத் திறந்து பாக்கற வேலை எனக்கில்ல. சொன்னா காதுல வாங்கிக்குவேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்துட்டுப் போன நாற்காலில ரெண்டு கால் உடைஞ்சு வந்துச்சே, ஏதாவது கேட்டேனா?" அவர் துடைப்பத்தை மரத்தில் சாய்த்து வைத்தார். "ஆனா ஒண்ணு. மனசு இல்லாம சொன்னா புண்ணியம் முளைக்காது. வேகவெச்ச நெல்லை விதைக்கற மாதிரி. அது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்."

தகன நாள் காலையில் அவன் தலையை மழித்தார்கள். புருவத்தையும் எடுத்தார்கள், புருவம் போனால் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, யாருடையதோ முகம் ஆகிவிடுகிறது. மண்டியிட்டு, பெரிய பிக்கு முன்னே சொல்லச் சொல்ல அவன் பின்னே சொன்னான். புத்தம் சரணம் கச்சாமி. தம்மம் சரணம் கச்சாமி. ஒவ்வொரு வரிக்கும் அடியில், உதடு அசையாமல், ஆண்டவரே மன்னியும், ஆண்டவரே மன்னியும் என்று இன்னொரு வரி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பத்து விரதங்கள். கொல்ல மாட்டேன். திருட மாட்டேன். பொய் சொல்ல மாட்டேன் என்பதும் அதில் ஒன்று.

சவப்பெட்டியின் தலைமாட்டில் வெள்ளை நூலைக் கட்டி, அதன் மறுமுனையைப் பிக்குகள் வரிசையாகப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார்கள். வழி தெரியாத ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துப்போகிற மாதிரிதான். நூலில் வின்யூவுக்கு ஒரு பிடி. தகன மேடையை இடப்பக்கமாக மூன்று சுற்று. பிறகு மூடியைத் திறந்து முகத்தில் இளநீர் ஊற்றினார்கள். கிணற்றுத் தண்ணீர் மண்ணைத் தொட்டது. மழைத் தண்ணீர் கூரையைத் தொட்டது. இளநீரை மட்டும்தான் வெட்டுகிற நிமிஷம் வரை எதுவும் தொடவில்லை. அம்மாவின் மஞ்சள் முகத்தில் அது வழிந்து காதோரம் தேங்கியது. குளத்திலிருந்து அவளை நிமிர்த்தியபோதும் தண்ணீர் அப்படித்தான் தேங்கியிருந்தது.

பாஸ்டர் நாம் வெளிவாசலில் கறுப்புக் கோட்டோடு நின்றிருந்தார். புகை எழுகிறவரை நின்றார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

தீ நன்றாகப் பிடித்த பிறகு லம்துவான் மண்டபத்துக்கு வந்தாள். வின்யூவுக்கு ஒரு கை தூரம் தள்ளி, காலை மடக்கி உட்கார்ந்து, கைகூப்பினாள். நேற்றுவரை டா போட்ட அக்கா.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுக்கா."

"காலையில சரணம் சொன்னீங்களே. மனசாரச் சொன்னீங்களா, இல்ல அம்மாவுக்காக வாயால சொன்னீங்களா?"

அவன் தோளிலிருந்து நழுவிய காவியை இழுத்துச் சரிசெய்தான்.

"முன்ன ஒருதடவை விகாரையில மந்திரிச்ச நூலை ஊரே கையில கட்டிக்கிட்டப்ப, வேண்டாம்னு கையை இழுத்துக்கிட்ட ஆளு நீங்க. அன்னைக்கு எனக்கு எவ்வளவு அவமானம். ஒரு நூல்தானேன்னு திட்டினேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்குப் பொய்யா ஒண்ணு செய்ய வராது. அதனாலதான் வேற யாரையும் கேக்காம உங்களையே கேக்கறேன். வாயால சொன்னதுன்னா சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். வீட்டை விட்டுட்டு நானே தலையை மழிச்சு, காவி இல்லாட்டியும் வெள்ளை கட்டி விகாரையில சேந்துடறேன். அம்மாவை அவ்வளவு தூரம் என்னால தூக்க முடியுமான்னு தெரியல. ஆனா யாராவது தூக்கணுமில்ல."

அவளுக்கு முட்டி வீங்கியிருந்தது. காலை மாற்றி மடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் விறகு சரிகிற சத்தம் கேட்டது.

"மனசாரத்தான்க்கா," என்றான் வின்யூ.

லம்துவான் நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினாள். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. அம்மா படுத்ததிலிருந்து அவள் முகத்தில் அவன் பார்க்காத தெளிவு.

எலும்பு பொறுக்கிய மறுநாள் அவன் துணியைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குள் சேதி ஊர் முழுக்கப் போயிருந்தது. லம்துவான்தான் சொன்னாள், சந்தோஷத்தில் சொன்னாள். தம்பி திரும்பி வந்துவிட்டான், ஒப்புக்கு இல்லை, மனசார, என்று. வின்யூ சொன்னான் என்பதே போதும். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, விகாரையிலிருந்து இரவல் வந்த நாற்காலிகளைத் தூண்களுக்கு நடுவே போட்டுவிட்டு அவன் காத்திருந்தான். பன்லு ஒருவன்தான் வந்தான். பம்புசெட் மெக்கானிக், பெரும் குடிகாரனாக இருந்தவன். இதே நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, இனித் தொடமாட்டேன் என்று இயேசுவிடம் சத்தியம் செய்து, அன்றிலிருந்து தொடாதவன். அவன் உட்காரவில்லை. வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தான்.

"வாத்தியாரே, நாற்காலியை விகாரையில சேத்துடலாமா? இனிமே இங்க வேண்டியிருக்காதுல்ல."

படியடியில் லம்துவான் சாவுவீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் நின்றது.

"அக்கா சொன்னது நெசமா வாத்தியாரே?"

வின்யூ அக்காவைப் பார்க்காமல் தலையசைத்தான். தேய்க்கிற சத்தம் மறுபடி தொடங்கியது.

பன்லு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றினான். கடைசி நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் ஒரு சத்தியம் பண்ணினேனே, அவருகிட்ட. அது இன்னும் செல்லுமா?"

"செல்லும்," என்றான் வின்யூ. வேகமாகச் சொன்னான். "அது வேற பன்லு. அது செல்லும். என்னைப் பாக்காத. நீ அதை விட்டுடாத."

பன்லு அவன் முகத்தைப் பார்த்தான். புருவம் இல்லாத அந்த முகத்தில் ஏதோ வாடிப்போகிறது என்று பட்டிருக்க வேண்டும். மரியாதையாகச் சிரித்தான்.

"ஆமா வாத்தியாரே. விடமாட்டேன்."

அந்த ஆமாமை வின்யூ இந்த முறை சரியாகவே அடையாளம் கண்டான்.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் விகாரைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். பன்லு வலப்பக்கம் திரும்பினான், சாராயக் கடை இருக்கும் பக்கம். நாற்காலிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கொஞ்ச தூரத்துக்குக் கேட்டது.