றக்கு

நங்கூரம் கைப்பேசிக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது. அதில் நானூறு அபராதம். அபராதம் விழுந்த மாதம் அவருடைய கைப்பேசி ஒரு சிமெண்ட் மூட்டை எடை இருந்தது. அதற்குப் பிறகு இரண்டுமே ஏறின. பாக்கி வட்டியால் ஏறியது, கைப்பேசி புதுப்பிப்பால் ஏறியது. எது முந்தும் என்று தேநீர்க் கடையில் பந்தயம் கட்டினார்கள்.

நங்கூரம் என்பது கிடங்கில் வைத்த பெயர். ஒரு பேச்சில் நின்றுவிட்டால் மனிதர் நகர மாட்டார். இளவயதிலிருந்து மூட்டை தூக்குகிறவர். நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கற்றார், அதுவும் மூட்டையின் மேல் அச்சடித்ததைக் கூட்டிக் கூட்டி. அரிசி, சுண்ணாம்பு, உரம் என்று தலையில் ஏறுகிற பொருளின் பெயர் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கிடங்கு வாசலில் ஒரு குறுக்குக் கம்பி வைத்து, கைப்பேசியைக் காட்டினால்தான் அது உயரும், உயராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை என்று அறிவிப்பு ஒட்டியபோது, அதை முதலில் படித்து முடித்தவரும் அவர்தான். படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. மறுநாளே அவருடைய மனைவியின் தம்பி, பேருந்து நிறுத்தத்தில் கைப்பேசி உறை விற்பவன், தவணைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். “மாமா, உலகமே இப்ப உங்க சட்டைப்பையில” என்றான். “உலகம் இம்புட்டு லேசாவா இருக்கு?” என்று கேட்டார் நங்கூரம். அன்றைக்கு அது லேசாகத்தான் இருந்தது.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தலையில் ஏறிய சுமையை, அதற்கு உடையவர் இறக்கு என்று சொல்லாமல் தரையில் வைக்கக் கூடாது. கை மாற்றலாம், தலை மாற்றலாம், தரையில் வைக்கக் கூடாது. அந்தச் சொல்லைச் சொன்னவர் எவரோ அவரே சுமைக்கு உடையவர், கூலி அவர் தலையில். கிடங்கு முதலாளிகள் இதற்குக் கட்டுப்பட்டே கூலி கொடுத்து வந்தார்கள். இரண்டு வழக்குகளில் நீதிபதியும் ஒப்புக்கொண்டிருந்தார். சொல்லை முழுதாக யாரும் சொல்வதில்லை. சுமைக்கு அடியில் நிற்கிறவனிடம் முதல் எழுத்தை வீணாக்கக் கூடாது என்று றக்கு, றக்கு என்பார்கள். றக்கு என்றால் கழுத்து நிமிரும். றக்கு என்றால் காசு.

ஆகவே கைப்பேசித் திரையில் ஒரு நாள் நீலப் பட்டையில் ஒரு சொல் வந்து நின்றபோது நங்கூரம் கூட்டிப் படித்தார். பதிவி, பிறகு றக்கு. முன்னால் இருந்தது என்னவென்று தெரியவில்லை, பின்னால் இருந்தது நன்றாகத் தெரிந்தது. நல்ல மரியாதை தெரிந்த கம்பெனி, சுமையை இறக்கிக்கொள்ளச் சொல்கிறது என்று நினைத்து அழுத்தினார். கைப்பேசி சூடாகி, அணைந்து, மறுபடி எரிந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டபோது ஒரு சோப்புக் கட்டி எடை கூடியிருந்தது. அடுத்த மாதமும் அதே பட்டை வந்தது. போன முறை சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று இந்த முறை பெருவிரலால் அழுத்தினார். செங்கல் எடை வந்தது. மூன்றாவது முறை பை கிழிந்தது. மனைவி அட்டைப்பெட்டி ஒட்டும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அங்கே கிடைத்த கித்தானில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். நாலாவது முறை கட்டில் சட்டம் விரிசல் விட்டது. அதற்குப் பிறகுதான் மைத்துனன் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னான். அவங்க ஊர்லேர்ந்து நம்ம போனுக்குள்ள எறக்கறாங்க மாமா, அதான் பதிவிறக்கு. நங்கூரம் அந்தச் சொல்லை இன்னொரு தடவை கூட்டிப் படித்தார். பிறகு, “றக்குன்னு எழுதிட்டு ஏத்தியிருக்கானுங்கடா” என்றார். “என் தொழில்லயே என்னை ஏமாத்தியிருக்கானுங்க.”

“அப்டேட் போடலைன்னா போன் ஸ்லோ ஆயிடும் மாமா.”

“போட்டதுல நான் ஸ்லோ ஆயிட்டேன் மாப்ளே.”

எடை ஏறியது அவருடையது மட்டுமல்ல. எல்லாருடையதும் ஏறியது. ஆனால் மற்றவர்கள் எடை ஏறத் தொடங்கியதும் விற்றுவிட்டுப் புதிது வாங்கினார்கள்; புதிது லேசாக இருக்கும், பழையதின் கனம் மறந்துபோகும். கம்பெனியைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. நாம் பேசுவதை அது ஒட்டுக் கேட்கிறது என்றார் முடி திருத்துபவர். வாடிக்கையாளரிடம் வழுக்கை என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எண்ணெய் விளம்பரம் வந்து நின்றதாம். கேட்டால் கேட்கட்டும், வீட்டில் நான் சொல்வதைக் கேட்க அது ஒன்றுதான் இருக்கிறது என்றார் பேருந்து ஓட்டுநர். முன்பெல்லாம் பாட்டரியைக் கழற்றி மாட்டலாம், இப்போது உள்ளே வைத்துத் தைத்துத் தையலையும் ஒளித்துவிட்டார்கள், நான் அப்படிச் சட்டை தைத்தால் சும்மா விடுவீர்களா என்று கேட்டார் தையல்காரி. ஆனால் நங்கூரத்திடம் மட்டும் எல்லாரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். புதுசு வாங்கிடு. “தவணை முடியாத பொருளைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொரு தவணையா?” என்பார் அவர். “தலை ஒண்ணுதான்யா இருக்கு.”

அவர் அதைப் பழுது பார்க்கும் நிலையத்துக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்து, எங்க ரெக்கார்டுல நூத்தித் தொண்ணூறு கிராம்தான் சார் என்றாள். அவர் அதை மேசைமேல் வைத்தார். மேசைக்கால் முறிந்தது. “மேசை வேற கம்பெனி போல” என்றார் நங்கூரம். “பொய் சொல்லத் தெரியலை.” அந்தப் பெண் சிரித்துவிட்டாள், பிறகு மேலே இருந்த கேமராவைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரு சீட்டு கிடைத்தது. நீலப் பட்டையை அவர் அதன் பிறகு தொடவே இல்லை. அது தானாகவே ஏற்றிக்கொள்ளத் தொடங்கியது.

அந்த மாதம் அவர் தவணை கட்டவில்லை. பணம் இல்லாமல் இல்லை. கம்பெனிக்குத் தொலைபேசி செய்து, உங்க சுமையை நான் தூக்கிட்டிருக்கேன், கூலியைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைச் சொல்லுங்க என்றார். பதில் பேசிய குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது, பிறகு நாலை அழுத்தச் சொன்னது, பிறகு பாட்டுப் போட்டது. மறுநாள் கைப்பேசி பூட்டிக்கொண்டது. கறுப்புத் திரையில் தவணை பாக்கி என்ற இரண்டு சொற்கள் மட்டும் நின்றன. கிடங்குக் கம்பி அவருக்கு உயரவில்லை. உள்ளே அவருக்குப் பழகிய மூட்டைகள் இருந்தன, வெளியே அவர் இருந்தார். வீட்டில் அரிசி அவர் மனைவியின் சம்பளத்தில் வந்தது. “கழுத்து கம்பெனிக்கு, வயித்துக்கு நானா?” என்று மனைவி கேட்டதில் தப்பில்லை. கட்டித் தொலைத்துவிட்டால் கம்பி உயரும், வேலை கிடைக்கும், எல்லாம் பழையபடி ஆகும். கட்டினால் தூக்கியது எல்லாம் தானம் ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நங்கூரம் ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். எட்டாம் நாள் எழுந்து துண்டைச் சுருட்டிச் சும்மாடு கூட்டினார், தலைக்கும் சுமைக்கும் நடுவில் வைப்பதற்கு. கைப்பேசியை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லித் தலையில் ஏற்றிக்கொண்டார். சும்மாட்டின் மேல் ஏறிவிட்டால் அது பொருள் இல்லை, சுமை. சுமைக்குச் சட்டம் உண்டு.

கம்பெனியின் கண்ணாடிக் காட்சிக் கூடம் பெரிய சாலையில் இருந்தது. உள்ளே போய் நடுக்கூடத்தில் நின்றார். மேலாளர் ஓடி வந்து, கீழே வைங்க என்றார். நங்கூரம் வைக்கவில்லை. அது வேற வார்த்தைங்க, எங்க தொழில்ல வார்த்தை ஒண்ணுதான் என்றார். மேலாளர் அந்தச் சொல்லைச் சொல்லியே விட்டிருப்பார், முதல் எழுத்து வாயில் வந்துவிட்டது. கம்பெனி வக்கீல் கூடத்தின் மறுகோடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார். சொல்லிவிட்டால் சுமை கம்பெனியுடையது என்றாகிவிடும். அன்று முதல் அந்தக் கட்டடத்தில் யாரும் அந்தச் சொல்லை எதற்குமே பயன்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. போடுங்க, விடுங்க, ஒப்படையுங்க, கைவிடுங்க, தயவுசெய்து தரையோடு சேர்த்துடுங்க என்று ஒவ்வொரு காலையும் ஒவ்வொருவர் வந்து சொல்லிப் பார்த்தார்கள். லாரியிலிருந்து புதுச் சரக்கு வந்தால் கூட, மேலே இருக்கிறதைக் கீழே கொண்டு வாங்க என்று சைகை காட்டினார்கள்.

நங்கூரம் சாப்பிடவும் தூங்கவும் கிடங்கு ஆட்கள் தலை மாற்றினார்கள். பகலில் அவர் தலை, சாயங்காலம் வேறு தலை. அதுவும் சட்டத்தில் உள்ளதுதான். கைப்பேசி பூட்டியபடியே புதுப்பித்துக்கொண்டது. ஒரு கோடை முடிவதற்குள் அதைச் சுமக்க நாலு பேர் சேர்ந்து நிற்க வேண்டியதாயிற்று. அவர்கள் நின்ற இடத்தில் பளிங்குத் தரை விரிசல் விட்டது, பிறகு கிண்ணம் போல் குழிந்தது. வாடிக்கையாளர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் புதிது வாங்கினார்கள். சிலர் வாங்காமல் திரும்பினார்கள். கம்பெனி ஒரு சமாதானம் சொல்லி அனுப்பியது. பழையதைக் கொடுத்துவிட்டால் புது மாடல், அதற்குப் புதுத் தவணை, பழைய பாக்கியும் அதில் சேரும், இதுவரை சுமந்ததாகப் பேச்சே எடுக்கக் கூடாது. அதைக் கொண்டு வந்தவன் மைத்துனன். அவனுக்குக் கூடத்து வாசலில் உறை விற்க ஒரு மேசை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நங்கூரத்தின் மனைவி காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அடியில் வைத்தார். “உனக்கு மேசை வேணும்னா பெட்டி ஒட்ற இடத்துலேர்ந்து நான் எடுத்துட்டு வர்றேன்டா தம்பி” என்றார். பிறகு புருஷனைப் பார்த்து, “இத்தனை நாள் நின்னுட்டீங்க. அந்த வார்த்தையைக் கேக்காம சுமையை விட்டுட்டு நீங்க இந்த வீட்டு வாசப்படி ஏறினா, அன்னிக்கு நான் இறங்கிடுவேன்” என்றார். மைத்துனன் மறுநாள் சாயங்காலம் கூடத்துக்கு வந்து, சும்மாடு கூட்டத் தெரியாமல் கூட்டி, ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தான். உலகம் கனமாத்தான் மாமா இருக்கு என்றான்.

மழைக்காலத்தில் கட்டடம் இடப்பக்கமாகச் சாய்ந்தது. முகப்பில், தெருவின் கடைசி வீடு வரை வெளிச்சம் விழும்படி, ஆள் உயர எழுத்தில் ஒரே ஒரு சொல் எரிந்துகொண்டிருந்தது. பதிவிறக்கு. சாய்வில் கம்பிகள் இழுபட்டு முதல் எழுத்து அணைந்தது. மறுநாள் இரண்டாவது எழுத்து. மின்பணியாளர் ஏணி போட்டு ஏறிப் பார்த்து, இது மின்சாரக் கோளாறு இல்லை, பாரக் கோளாறு என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். தெருவில் ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். முடி திருத்துபவர் கடையை வாடிக்கையாளரோடு அப்படியே விட்டுவிட்டு வந்தார், அந்த ஆளும் பாதி சவரத்தோடு வந்து நின்றார். வக்கீலுக்குத்தான் முதலில் புரிந்தது. பலகையை அணை, முழுசா அணை என்று கத்தினார். பலகையை இங்கிருந்து அணைக்க முடியாது. அதன் விசை கடல் தாண்டி, தலைமை அலுவலகத்தில் ஒரு கணினியில் இருந்தது. அங்கே அப்போது புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தது, நடுவில் நிறுத்த வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. மேலாளர் நாற்காலியில் ஏறிக் கோட்டைக் கழற்றி எழுத்தின் மேல் போர்த்தப் பார்த்தார். கோட்டு ஓர் எழுத்துக்குக்கூடப் போதவில்லை.

மூன்றாவது எழுத்து பகல் பதினொரு மணிவாக்கில் அணைந்தது. மிச்சம் எரிந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்ற மூட்டைக்காரர்கள் அதைக் கூட்டிப் படித்தார்கள், சிலர் வாய்விட்டு, சிலர் உதட்டுக்குள். அவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவர்களிடம் என்ன என்ன என்று கேட்டார்கள். கேட்டதும் எல்லாரும் ஒரே குரலில் உள்ளே நிற்கிற நங்கூரத்துக்குச் சொன்னார்கள். சொல்லிட்டாங்கண்ணே. அவங்க பலகையில, அவங்க வெளிச்சத்துல, அவங்களே சொல்லிட்டாங்க.

நங்கூரம் நம்பவில்லை. ஏற்கெனவே ஒரு முறை அந்தச் சொல்லால் ஏமாந்தவர். சுமையோடு, கூட நின்ற மூன்று பேரையும் ஓரடி ஓரடியாக நகர்த்திக்கொண்டு வாசல் கண்ணாடி வரை வந்து, மழைத் தேங்கலில் தெரிந்த நிழலில் தலைகீழாக எரிந்த எழுத்துகளைப் பார்த்து, மனசுக்குள் திருப்பிப் போட்டு, ஒவ்வொன்றாகப் படித்தார். ற. க். கு. முன்னால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. “ஆமாய்யா” என்று சொல்லிவிட்டு இறக்கினார்.

கைப்பேசி தரையைத் தொட்டதும் நிற்கவில்லை. பளிங்கைத் தாண்டி, அடித்தளத்தைத் தாண்டி, ஊற்று நீர் வரும் மட்டம் வரை போயிற்று என்று கிணறு வெட்டுகிறவர்கள் சொன்னார்கள். கட்டடம் அதன் பின்னாலேயே ஆறடி இறங்கி, சாய்வு நீங்கி, நேராக உட்கார்ந்தது. ஒரு கண்ணாடியும் உடையவில்லை. அதுவரை படியேறிப் போனவர்கள் இப்போது படியிறங்கிப் போகிறார்கள். அஞ்சல்காரர் முகவரியில் ‘கீழே’ என்று சேர்த்துக்கொண்டார். அன்று மத்தியானமே மூட்டைக்காரர்கள் நங்கூரத்தோடு கிடங்குக்குப் போய், குறுக்குக் கம்பியைக் கையாலேயே தூக்கினார்கள். நாலு கிலோ கூட இல்லாத குழாய் அது. தூக்கியவர்களுக்கு வெட்கமாக இருந்தது, இத்தனை நாளும் அதைத் தூக்கிப் பார்க்காததற்கு. பழைய இரும்புக் கடையில் அதைப் போட்டு எல்லாருக்கும் தேநீர் வாங்கினார்கள்.

கம்பெனி கூலிக் கணக்கைக் கேட்டு வாங்கி, அதைப் படித்துவிட்டு, பாக்கிக்கும் கூலிக்கும் சரிக்குச் சரி என்று வக்கீலை அனுப்பியது. “சரிக்குச் சரி இல்லீங்க, எனக்குத்தான் நிறைய வரணும்” என்றார் நங்கூரம். “ஆனா வர வேண்டிய கூலியைக்கூட இந்தக் கழுத்தால இனிமே தூக்கிட்டு வர முடியாது. போங்க, எழுதிக்கிட்டு வாங்க.” குறுஞ்செய்தியாக அனுப்ப அவரிடம் கைப்பேசி இல்லாததால், கம்பெனி ஓர் ஆளிடம் காகிதத்தில் கொடுத்தனுப்பியது. பாக்கி இல்லை என்று அதில் இருந்தது. அவர் அதைக் கூட்டிப் படித்தார், முன்னாலும் பின்னாலும் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார், பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிடங்கைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எடை ஏறவில்லை.